பெரிய ரௌட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

பெங்களூரில் அல்சூர், ஜீவன்பீமா நகர் பக்கத்து இரண்டு பெட்ரூம் வீடுகளில் ஃபைபர் பெட்டியைப் பெரும்பாலும் வாசலை ஒட்டியே மாட்டிவிட்டுப் போவார்கள். ஹாலில் இணையம் பறக்கும், கடைசி அறையில் வாட்ஸ்அப் படம்கூட இறங்காது. இதற்கு எஸ்.பி. ரோட்டில் மூன்று விதமான சரக்கு கிடைக்கும்.

ஆறு ஆண்டெனா நிமிர்ந்து நிற்கும் பெரிய ரௌட்டர் காசைக் கரியாக்குவதுதான். அது எவ்வளவு உரக்கப் பேசினாலும் போன் அதே பலத்தில் பதில் பேசாது. சிக்னல் கோடு முழுதாகத் தெரியும், வீடியோ கால் மட்டும் திக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு கான்கிரீட் சுவருக்குள் சோர்ந்துவிடும். 2.4 தாண்டும்தான், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் அங்கேதான் முண்டியடிக்கிறார்கள். இன்னொன்று, அட்டைப்பெட்டியில் வேகம் 1200 என்று போட்டிருந்தாலும் மலிவு மாடல்களில் பின்பக்க போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் இருக்கும். கிகாபிட் போர்ட்டா என்று கேட்டு வாங்குங்கள்.

சுவரில் ஆணி அடிக்கவே ஓனர் முகம் சுளிக்கும் வாடகை வீட்டுக்கு மெஷ் சரி, அதாவது கேபிள் இல்லாமல் ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையைப் பரப்பும் இரண்டு மூன்று யூனிட்டுகள். இரட்டை அலைவரிசை மெஷ்ஷில் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ போனுடனும் தாய் யூனிட்டுடனும் மாறி மாறிப் பேசுவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டாவது யூனிட்டை சிக்னலே இல்லாத அறையில் வைப்பதுதான் வழக்கமான தப்பு. அங்கே அதற்கே சிக்னல் வராதே, அது எதைக் கொடுக்கும்? பாதி வழியில், நடையில் வையுங்கள். இரும்பு பீரோ குறுக்கே வரக்கூடாது.

சொந்த வீடு என்றால் கேபிள்தான், யோசிக்கவே வேண்டாம். ஃபைபர் பெட்டியிலிருந்து கடைசி அறைக்கு இழுக்கும் கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். வீட்டுக்கு 15, 20 மீட்டர் போதும். கடையிலேயே ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், அது வேண்டாம். பழைய டிவி கேபிள் போகும் பைப் இருந்தால், அந்த கேபிளின் நுனியில் இதைக் கட்டி இழுத்துவிடலாம். கேபிளை இழுத்த பிறகே கனெக்டரை கிரிம்ப் செய்யுங்கள் (இடுக்கியால் அழுத்திப் பொருத்துவது), முன்பே போட்டால் வளைவில் மாட்டிக்கொள்ளும். கரன்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் நுழைக்காதீர்கள்.

கனெக்டருக்குள் எட்டுக் கம்பிகளின் நிற வரிசை இரு முனையிலும் ஒன்றே: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதில் நீலமோ பழுப்போ சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். அந்த வேகத்துக்கு நாலு கம்பியே போதும் என்பதால் கோளாறு வெளியே தெரியாது.

மறுமுனைக்குப் பழைய ரௌட்டரே போதும். வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு அதை மாற்றுங்கள். அந்த மோடு இல்லையென்றால் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, அதன் ஐபி முகவரி ஃபைபர் பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். இணையம் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டில் செருகினால் ஹாலில் இருக்கும் டிவிக்கு பெட்ரூம் போனைத் தெரியாது. இரண்டிலும் ஒரே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, சேனலை மட்டும் வேறாக வையுங்கள்.

கரன்ட் போனால் ஃபைபர் பெட்டி, ரௌட்டர் இரண்டுமே ஓட வேண்டும். மினி யூபிஎஸ் வாங்குமுன் இரண்டின் அடாப்டரிலும் வோல்ட்டைப் பாருங்கள், சிலது 9, சிலது 12. ஒரே யூபிஎஸ்ஸில் இரண்டையும் மாட்டுவதானால் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள்.