காஸ், முராகாமி, லபுபு: யாருடைய பொம்மையை வாங்கலாம்?

பிடித்த கலைஞரின் ஓவியம் வாங்குகிற அளவுக்குக் காசில்லை, அவர் செய்த பொம்மையாவது ஒன்று அலமாரியில் இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த மூன்று பெயர்களிடம்தான். காஸின் கம்பேனியன், தகாஷி முராகாமியின் சிரிக்கும் பூ, அப்புறம் எல்லோர் பையிலும் தொங்கும் லபுபு. நடுவில் பேர்பிரிக் கரடி வேறு. வாங்கி வைத்து இரண்டு வருடத்தில் விற்கலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இந்த அலசல் உதவாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தக் கலைஞரின் மொத்த வேலையில் இந்தப் பொம்மைக்கு என்ன இடம்? நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இல்லை கலைஞரையே ஓரங்கட்டிவிட்டதா?

காஸ் விஷயத்தில் பதில் தெளிவு. இயற்பெயர் பிரையன் டானலி, 1974இல் ஜெர்சி சிட்டியில் பிறந்தவர், நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் படித்தவர். அனிமேஷன் ஸ்டுடியோவில் பின்னணி வரையும் வேலை பார்த்துக்கொண்டே, பஸ் நிறுத்தங்களிலும் டெலிபோன் பூத்களிலும் இருந்த விளம்பரப் போஸ்டர்களைக் கழற்றி எடுத்துப்போய், மாடல்களின் முகத்தில் மண்டையோட்டையும் கண்ணுக்குப் பதில் பெருக்கல் குறியையும் வரைந்து, திரும்ப அதே கண்ணாடிக்குள் வைத்துவிட்டு வருவார். விளம்பரமே அப்படித்தான் அச்சாகி வந்ததோ என்று தோன்றும், அவ்வளவு சுத்தமான வேலை. 1999இல் பவுண்டி ஹன்டர் என்ற ஜப்பானிய பிராண்டோடு சேர்ந்து 500 பொம்மைகள் செய்தார். மிக்கி மவுஸ் மாதிரி உடம்பு, கையுறை, அரைக்கால் சட்டை; தலை மட்டும் மண்டையோடு, காது இருக்கவேண்டிய இடத்தில் எலும்பு. அதுதான் கம்பேனியன்.

அதற்குப் பிறகு வந்த பெரிய சிற்பங்களில் பல இந்தக் குட்டிப் பொம்மையிலிருந்து வளர்ந்தவை. வழக்கமாக மியூசியத்தில் பெரிய சிற்பம் இருக்கும், வெளியே வரும்போது கடையில் அதன் குட்டி வடிவம் விற்பார்கள். இங்கே குட்டிதான் முதலில் வந்தது. அதுவே 2012இல் மேசிஸ் நிறுவனத்தின் தேங்க்ஸ்கிவிங் ஊர்வலத்தில் பலூனாகப் பறந்தது, 2018இல் சியோலின் ஏரியில் 28 மீட்டர் நீளத்துக்கு மிதந்தது, 2019இல் ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகத்தில் 37 மீட்டராக மல்லாந்து கிடந்தது. 2006 முதல் 2013 வரை டோக்கியோவின் அவோயாமாவில் மெடிகாம் டாய் என்ற பொம்மை நிறுவனத்தோடு சேர்ந்து சொந்தக் கடையே நடத்தினார். அதனால் ஒரு கம்பேனியன் வாங்கினால் அவருடைய கலையின் உபபொருளை வாங்கவில்லை, நேராக அந்தக் கலையையே வாங்குகிறீர்கள்.

இதைச் சந்தை தாமதமாகத்தான் புரிந்துகொண்டது, புரிந்ததும் தலைகால் தெரியாமல் ஆடியது. 2017இல் நியூயார்க்கின் மோமா மியூசியத்தின் டிசைன் ஸ்டோர் 200 டாலருக்குக் கம்பேனியனை விற்றபோது கூட்டம் தாங்காமல் இணையதளமே படுத்துவிட்டது. 2019இல் ஹாங்காங் சோத்பீஸ் ஏலத்தில், அதிகபட்சம் 80 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போகும் என்று மதிப்பிட்டிருந்த அவருடைய ஓவியம் சுமார் 11.6 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. விமர்சகர்களுக்கோ இன்னும் அவரைப் பிடிக்கவில்லை. ஒரே உருவத்தை உட்கார வைத்து, படுக்க வைத்து, நிறம் மாற்றி இருபது வருடமாக ஓட்டுகிறார் என்கிறார்கள். உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் கார்ட்டூன் உருவம் என்றாலே நம்மைச் சிரிக்கவைப்பதற்கென்றே பிறந்தது. அது வெட்கப்பட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது ஏதோ செய்கிறது. அந்த ஒரு பொம்மைக்காகவே மற்ற நாற்பதையும் மன்னிக்கலாம்.

முராகாமி வேறு ரகம். 1962இல் டோக்கியோவில் பிறந்தவர், ஜப்பானிய மரபு ஓவியமான நிஹோங்காவில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அனிமே பைத்தியம். 1997இல் அவர் செய்த மிஸ் கோ² சிற்பத்துக்கு உருவம் கொடுக்கத் துணைநின்றது கையோடோ என்ற பொம்மை நிறுவனம். அனிமே ரசிகர்கள் மேசையில் வைத்திருக்கும் ஃபிகரை ஆளுயரத்துக்கு இழுத்து ஆர்ட் கேலரியில் நிறுத்தினார், அவ்வளவுதான் யோசனை, ஆனால் யாருக்கும் அதுவரை தோன்றாத யோசனை. மறு வருடம் செய்த மை லோன்சம் கவ்பாய் 2008இல் நியூயார்க் ஏலத்தில் 1.5 கோடி டாலரைத் தாண்டியது.

அதைவிட எனக்குப் பிடித்தது 2003இல் அவர் செய்தது. அதே கையோடோவை வைத்து அதே சிற்பங்களைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, சூயிங்கத்தோடு சேர்த்து ஜப்பானின் கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் விற்றார். பொம்மையிலிருந்து சிற்பம், சிற்பத்திலிருந்து மறுபடி மிட்டாய்க் கடைப் பொம்மை என்று ஒரு சுற்று முழுமையாக வந்துவிட்டது. முராகாமி பொம்மை என்று ஏதாவது தேடுவதாக இருந்தால் இந்தச் சூப்பர்ஃபிளாட் மியூசியம் வரிசையைத்தான் தேடவேண்டும். பூத் தலையணை, பூ கீ செயின் எல்லாம் பார்க்க அழகு, வீட்டுக்குள் வந்ததும் வெறும் லோகோ. ஏனென்றால் அவருடைய பலம் மேற்பரப்பில் இருக்கிறது. வண்ணத்தின் மேல் வண்ணமாக, படலத்தின் மேல் படலமாக அச்சிட்டு ஏற்றுகிற அந்த வழவழப்பு பஞ்சில் வராது. அவருடைய கைகை கிகி நிறுவனம் 300 பிரதி கணக்கில் அவர் கையெழுத்தோடு பிரிண்ட் வெளியிடுகிறது. முராகாமி வேண்டுமென்றால் பொம்மையை விட்டுவிட்டு அதற்குச் சேர்த்துவையுங்கள்.

பேர்பிரிக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2001இல் மெடிகாம் டாய் தொடங்கிய கரடி, 100% என்றால் 7 செ.மீ., 400% என்றால் 28, 1000% என்றால் 70. உருவத்துக்கென்று கலைஞரின் கதை எதுவும் கிடையாது, யார் ஓவியத்தையும் மாட்டிவிடக்கூடிய கோட் ஸ்டாண்ட் அது. கீத் ஹேரிங், பாஸ்கியா என்று இறந்துபோனவர்களின் ஓவியங்களும் அதன் மேல் ஏறியிருக்கின்றன. அலமாரிக்கு நிறம் சேர்க்கும், மற்றபடி அந்த ஓவியரைப் பற்றி எதுவும் சொல்லாது.

லபுபுவைத் திட்டுவது இப்போது ஃபேஷன், அதனால் முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங், 2015இல் தி மான்ஸ்டர்ஸ் என்ற படக்கதைகளுக்காக வரைந்த உருவம் அது. நார்டிக் நாட்டுப்புறக் கதைகளின் சாயல், ஒன்பது கூர்ப்பல், குறும்புச் சிரிப்பு. கோட்டோவியமாகப் பார்த்தால் உண்மையிலேயே நல்ல படைப்பு. கூடவே சிமோமோ, டைகோகோ என்று ஒரு கூட்டம் உண்டு, அந்தக் கூட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் லபுபுவின் சேட்டைக்கு அர்த்தம் வரும். ஆரம்பத்தில் ஹவ்2வொர்க் என்ற ஹாங்காங் நிறுவனம் ஃபிகர் செய்தது. 2019இல் பாப் மார்ட் என்ற சீனப் பொம்மை நிறுவனம் வந்தது, 2023இல் பஞ்சு உடம்பு கீ செயின் வந்தது, 2024இல் பிளாக்பிங்க் என்ற கொரிய பாப் குழுவின் பாடகி லிசா பையில் மாட்டினார், அந்த வருடம் மட்டும் தி மான்ஸ்டர்ஸ் வரிசை பாப் மார்ட்டுக்கு 304 கோடி யுவான் வருமானம் கொடுத்தது. 2025இல் ஆளுயர லபுபு ஒன்று பெய்ஜிங் ஏலத்தில் 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. இவ்வளவுக்கும் நடுவில் லுங் எங்கே? லபுபு தெரிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வரைந்தவர் பெயர் தெரியாது என்பது என் சந்தேகம். காஸ் பொம்மையில் விற்பதே கலைஞரின் பெயர்தான், இங்கே கதையே தலைகீழ்.

பாப் மார்ட்டின் பிளைண்ட் பாக்ஸ், அதாவது உள்ளே எந்தப் பொம்மை என்று தெரியாமலே வாங்கும் பெட்டி, என் பொறுமையைச் சோதிக்கிற இன்னொரு விஷயம். பல வரிசைகளில் சீக்ரெட் என்கிற அரிய பொம்மை 72 பெட்டிக்கு ஒன்று என்கிறார்கள். 72 பெட்டி வாங்கினால் கிடைத்துவிடும் என்று மனசு சொல்லும். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி அதிர்ஷ்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அப்போதும் வாய்ப்பு 63 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு பிளைண்ட் பாக்ஸ் விற்கக்கூடாது என்று சீன அரசு 2023இல் சொன்னது சும்மா இல்லை. லுங்கைப் பிடித்திருக்கிறது என்றால் பழைய ஹவ்2வொர்க் ஃபிகர்களைத் தேடுங்கள். மலிவாகக் கிடைக்காது, ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம்.

போலி எல்லாவற்றிலும் உண்டு. பாப் மார்ட் பெட்டியில் சுரண்டிச் சரிபார்க்கும் குறியீடு இருக்கும், கம்பேனியனில் பாதத்துக்கு அடியில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள், மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, விலை குறையக்கூடாதென்று பெட்டியைப் பிரிக்காமலே வைப்பவர்களுக்கு: இந்தப் பொம்மைகளைச் செய்யும் வினைல் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் காலப்போக்கில் மேலே கசிந்து பிசுபிசுக்கும், காற்றோட்டமில்லாத சூடான இடத்தில் இன்னும் மோசம். வெயில் பட்டால் வெளிர் நிறங்கள் மஞ்சளாகும். வெயில் படாத அலமாரியில் பிரித்து வைப்பதுதான் பொம்மைக்கும் நல்லது, பார்க்கிறவருக்கும் நல்லது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்று கேட்டால் என் ஓட்டு அந்த முகத்தைப் பொத்திய கம்பேனியனுக்கு. சாம்பல் நிறத்தில். பழுப்பில் அது கொஞ்சம் சாக்லேட் மாதிரித் தெரிகிறது.