பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்: ஆட்குறைப்புக்குப் பின் ஒரு பயனாளியின் மதிப்பீடு

ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் 11 ஆண்டுகள் லேத் இயக்கி, ஆட்குறைப்பில் வேலை இழந்த நான், வங்கிக் கடனோடு அரசு மானியமும் தரும் இத்திட்டத்தின் கீழ் வாலாஜாபாத் அருகே எங்கள் கிராமத்திலேயே பட்டறை தொடங்கினேன். என்னைப் போன்றவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர் கிராமப்புறத்தில் தொழில் தொடங்கினால், திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியம் கிடைக்கும். சொந்தப் பங்கு 5 விழுக்காடே. என் 8 லட்ச ரூபாய்ப் பட்டறைக்கு நான் போட்டது 40,000 ரூபாய், மானியம் 2.80 லட்சம். ஆனால் அத்தொகை கைக்கு வராது என்பதைப் பலர் அறிவதில்லை: அது வங்கியிலேயே தனி வைப்பாக 3 ஆண்டுகள் இருந்து, தொழில் நடப்பதை நேரில் சரிபார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும், அதுவரை அந்த அளவு கடனுக்கு வட்டி இல்லை.

மாவட்டத் தொழில் மையத்தில் கிடைத்த வழிகாட்டலை மறக்க இயலாது. என் விலைப்புள்ளியை வரிவரியாகப் படித்த அலுவலர், மும்முனை மின் இணைப்புச் செலவு விடுபட்டிருப்பதைப் பென்சிலால் வட்டமிட்டு, "இதைச் சேர்க்காவிட்டால் இயந்திரம் வந்தும் ஓடாது, தம்பி" என்றார். வங்கிக் கிளையிலோ, 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்ற விதி இருந்தும், வீட்டுப் பத்திரம் கேட்டு இரண்டு மாதம் அலைக்கழித்தார்கள்.

காத்திருக்கும் மாதங்களில் குடும்பம் நடத்த இத்திட்டத்தில் எந்த உதவியும் இல்லை என்பதே பெருங்குறை. ஜெர்மனியில் வேலையிழந்து தொழில் தொடங்குவோருக்கு, ஒப்புதல் கிடைத்தால், முதல் 6 மாதங்கள் வேலையின்மை உதவித்தொகையும் மாதம் 300 யூரோவும் தருகிறார்கள்.