அம்மாவுக்காக வாங்கிய எச்சில் டெஸ்ட் கிட்: ஐந்துக்கு இரண்டு

அம்மாவுக்கு 72 வயது. குடியாத்தத்தில் அப்பா கைலித் தறி வைத்திருந்த காலத்தில் நூல் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். போன தையிலிருந்து கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். இலவம்பாடி முள்கத்திரிக்காய்க் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்ட அன்று ராத்திரி, போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து இந்த கிட்டை வாங்கினேன். அல்சைமர் என்ற மறதி நோயை எச்சிலிலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். 6,800 ரூபாய். கம்பெனி பெயரை எழுதவில்லை.

பெட்டி ஒழுங்காக வந்தது. புனல் வைத்த குழாய், மூடிக்குள் நீல மருந்து. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து கோடு வரை துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. அம்மா வெற்றிலை போடுகிறவர். முதலில் டம்ளரில் துப்பச் சொல்லிப் பார்த்தேன், சிவப்பாக வந்தது. மறுநாள் விடியற்காலை வாய் கொப்பளிக்க வைத்து உட்கார வைத்தால், வாய் காய்ந்து கிடக்கிறது. "இன்னாத்துக்குமா இவ்ளோ துப்பச் சொல்ற?" என்றார். எலுமிச்சம்பழத்தை வெட்டி மூக்கருகே காட்டி, கன்னத்தைத் தடவிவிட்டு, கோட்டைத் தொட நாற்பது நிமிடம் ஆனது.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட். அல்சைமரோடு தொடர்புள்ள ஏபிஓஇ என்ற ஜீனில், இ4 என்ற வகை ஒன்று இருக்கிறது என்று சிவப்புக் கட்டத்தில் இருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டியபோதுதான் விளங்கியது. இது பிறவியிலேயே வந்த ஜீன். அம்மா இருபது வயதில் துப்பியிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். இ4 இருந்தால் ஆபத்து கூடுதல், அவ்வளவுதான். அது இருந்தும் கடைசி வரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு, இல்லாமலே நோய் வருகிறவர்களும் உண்டு. நோய் தொடங்கிவிட்டதா என்ற என் கேள்விக்கு இதில் பதிலே இல்லை. இன்னொன்றும் சொன்னார்: அம்மாவின் இ4 எனக்கு வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, தம்பிக்கும் அப்படியே. பணம் வாங்குவதற்கு முன்னால் இதை ஒருவராவது எங்களிடம் சொல்லியிருக்க வேண்டாமா? இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எச்சிலில் உள்ள புரதத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி தனியாக நடக்கிறது. லாக்டோஃபெரின் என்ற புரதம் நோயாளிகளின் எச்சிலில் குறைவாக இருப்பதாக 2017-ல் ஸ்பெயினில் எழுதினார்கள். 2021-ல் டென்மார்க்கில் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. நான் வாங்கிய கிட் அந்தப் புரதத்தைப் பார்க்கவே இல்லை.

டாக்டர் அம்மாவிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். "தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்போது" என்று அம்மா நிற்காமல் போனார். ஆனால் சொல்லிவைத்த மூன்று வார்த்தைகளில் ஒன்றுதான் திரும்ப வந்தது. ரத்தத்தில் தைராய்டு சரி, வைட்டமின் பி12 மிகக் குறைவு. சர்க்கரைக்குப் பத்து வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது பி12-ஐக் குறைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். மறதி எல்லாம் இதனால்தானா என்பது ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தால்தான் தெரியுமாம்.

இரண்டு நட்சத்திரம், ஜீனைச் சரியாகப் பார்த்ததற்கும் கூரியருக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு மறதி என்றால் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இதை வாங்காதீர்கள். தம்பிக்கு அந்த ரிப்போர்ட்டை நான் இன்னும் அனுப்பவில்லை.