இணைப்பைத் திறப்பதா, இழுப்பதா, சேமிப்பதா?

மின்னஞ்சலில் இணைப்பாக வந்த கோப்பை எக்செலுக்கோ கணக்கு மென்பொருளுக்கோ கொண்டுபோக நான்கு வழிகள் உண்டு. அஞ்சலிலேயே இரட்டைச் சொடுக்கில் திறக்கலாம். சுட்டெலியால் இழுத்துப் போடலாம். ஒரு கோப்புறையில் சேமித்துவிட்டு, உரிய மென்பொருளுக்குள்ளிருந்து திறக்கலாம். கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்புக்கு அனுப்பலாம். மூன்றாவதுதான் என் தேர்வு. அதில் வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் மற்ற வழிகளின் தொல்லைகளில் பெரும்பாலானவை அதில் எழுவதே இல்லை.

வெறுமனே படித்துப் பார்க்க இரட்டைச் சொடுக்கு போதும். திருத்தத் தொடங்கினால்தான் ஆபத்து. கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக் போன்றவை இணைப்பை முதலில் ஒரு மறைவான தற்காலிகக் கோப்புறையில் எடுத்துவைத்து, அங்கிருந்தே திறக்கின்றன. நீங்கள் சேமிக்கும் திருத்தமும் அங்கேயே போய்விடக்கூடும். அஞ்சலில் உள்ள கோப்பு மாறியிருக்காது. தற்காலிகக் கோப்புறை துடைக்கப்பட்டால் உழைப்பு முழுவதும் போயிற்று.

தமிழில் பட்டியல் அனுப்புவோரும் பெறுவோரும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் பதியும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள சிஎஸ்வி கோப்பின் (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) தொடக்கத்தில் அதற்கான அடையாளக் குறி இல்லையென்றால், இரட்டைச் சொடுக்கில் திறக்கும் எக்செல் தமிழ்ப் பெயர்களைப் பொருளற்ற குறிகளாகக் காட்டிவிடும். சுழியத்தில் தொடங்கும் எண்கள் அந்தச் சுழியத்தை இழக்கும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களில் மீதி இலக்கங்கள் சுழியமாகிவிடும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து பழைய எண்ணை மீட்க வழியில்லை. கோப்பை முதலில் சேமித்து, எக்செலின் தரவுப் பகுதியில் உள்ள இறக்குமதி வழியாக எடுத்து, குறியாக்கத்தில் 65001 யூடிஎஃப்-8 என்பதையும் எண்கள் உள்ள நெடுவரிசைகளுக்கு உரை வகையையும் தேர்ந்தால் இவை எதுவும் நேராது. சேமித்துத் திறப்பதை நான் வலியுறுத்த இது ஒன்றே போதுமான காரணம்.

இழுத்துப் போடுவது பார்க்க எளிது. ஆனால் அஞ்சலிலிருந்து இழுக்கும்போது கையில் இருப்பது இன்னும் கோப்பு ஆகவில்லை. ‘பெயர் இது, கேட்டால் உள்ளடக்கம் தருகிறேன்’ என்ற வாக்குறுதி மட்டுமே. வட்டில் உள்ள ஒரு முகவரியை எதிர்பார்க்கும் மென்பொருள் அதை ஏற்காது. இன்னொரு தடை விண்டோஸ் விஸ்டா காலம் முதல் இருக்கிறது: நிர்வாகி உரிமையோடு இயங்கும் மென்பொருளுக்குள், சாதாரண உரிமையில் இயங்கும் அஞ்சல் மென்பொருளிலிருந்து எதையும் இழுத்துப் போட முடியாது. பிழைச்செய்தி எதுவும் வராததால் பலர் சுட்டெலியைச் சந்தேகிக்கிறார்கள். கோப்புறைக்குள் இழுப்பதற்கு மட்டும் இந்த வழியைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

சேமிப்பதிலும் ஒரு தடை உண்டு. இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரையை விண்டோஸ் அந்தக் கோப்பின்மேல் குத்திவைக்கிறது. அதனால் வேர்டும் எக்செலும் அதைப் படிக்க மட்டும் விடும் பாதுகாப்புப் பார்வையில் திறக்கின்றன. 2022 முதல் அத்தகைய கோப்புகளில் உள்ள மேக்ரோக்களையும் (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்புகள்) இயல்பாகவே முடக்குகின்றன. கோப்பின் பண்புகளில் தடையை நீக்கலாம். அனுப்பியவரைத் தெரியும், கோப்பையும் எதிர்பார்த்திருந்தோம் என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள். இந்தத் தடை எரிச்சலூட்டினாலும் நம் நன்மைக்கானது.

மேகச் சேமிப்பு பெரிய கோப்புகளுக்குத்தான். அஞ்சலில் ஏறும் கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாறுவதால், அளவு மூன்றில் ஒரு பங்கு வீங்குகிறது. அஞ்சலின் அளவு வரம்புக்குச் சற்றே உட்பட்ட கோப்பும் திரும்பி வரக் காரணம் இதுவே. ஆனால் பெறுபவர் கணினி மென்பொருளில் வேலை செய்ய, கடைசியில் பெரும்பாலும் அதைப் பதிவிறக்கித்தான் ஆக வேண்டும்.

நான்கு வழிகளும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. அவுட்லுக்கிலிருந்து செறிவுரை (ரிச் டெக்ஸ்ட்) வடிவில் அனுப்பிய அஞ்சல், வேறு அஞ்சல் மென்பொருளில் ‘வின்மெயில்.டேட்’ என்ற ஒற்றைக் கோப்பாக வந்து நிற்கலாம். உள்ளே இணைப்பு இருக்கும், ஆனால் எக்செலுக்கு அது புரியாது. எச்டிஎம்எல் அல்லது வெற்று உரை வடிவுக்கு மாற்றி மறுபடி அனுப்புமாறு அனுப்பியவரிடமே கேளுங்கள்.