6, 15, 25 லிட்டர்: எந்த வீட்டுக்கு எந்த கீசர்?

கடையில் கீசர் கேட்டால் முதல் கேள்வி "வீட்ல எத்தனை பேர்?" என்றுதான் வரும். நாலு பேர் என்றால் கை நேராக 25 லிட்டருக்குப் போகும். கேட்க வேண்டியது வேறு. காலையில் அரைமணி நேரத்துக்குள் எத்தனை பேர் அடுத்தடுத்து குளிக்கிறார்கள், வாளியிலா ஷவரிலா? அளவைத் தீர்மானிப்பது இந்த இரண்டு பதில்களும் உங்கள் ஊர்க் குளிரும்தான்.

நம் சமவெளி ஊர்களில் மார்கழிக் காலையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சுமார் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. கீசரை 60 டிகிரியில் வைத்தால், உள்ளே இருக்கும் 15 லிட்டர் வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 35 லிட்டர் குளிக்கும் தண்ணீர் ஆக்கலாம். இது காகிதக் கணக்கு. வெந்நீர் வெளியேற வெளியேற அடியில் குளிர்ந்த நீர் புகுந்து கலப்பதால் ஐந்தில் நான்கு பங்கைத்தான் நம்பலாம். அப்படிப் பார்த்தால் 15 லிட்டர் கீசரில் ஏறக்குறைய 28 லிட்டர், 25 லிட்டர் கீசரில் 46 லிட்டர். 18 லிட்டர் வாளியில் அளந்தால் முதலாவது ஒன்றரை வாளி, இரண்டாவது இரண்டரை வாளி.

இதைப் பார்த்து 15 போதாது என்று முடிவெடுத்துவிடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை 25-லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.31 யூனிட் மின்சாரம் வேண்டும். கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் 2 கிலோவாட் காயில் (மின்கம்பிச் சுருள்) அதைப் பத்து நிமிடத்துக்குள் கொடுத்துவிடும். ஒருவர் குளித்து முடித்து அடுத்தவர் வாளியை வைப்பதற்குள் கீசர் இழந்த சூட்டைப் பிடித்துவிடுகிறது. வாளிக் குளியல் வீட்டில் ஐந்து பேர் வரிசையாகக் குளித்தாலும் 15 லிட்டர் தாராளம். சமவெளியில் பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் தேர்வு அதுதான்.

ஷவர் வந்தால் கணக்கு தலைகீழ். சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் கொட்டும். ஏழு நிமிடம் நின்றால் 56 முதல் 70 லிட்டர் ஆகும். 25 லிட்டர் கீசர், ஓடும்போதே சூடேற்றுவதையும் சேர்த்து, ஒருவரின் ஆறேழு நிமிட ஷவருக்குச் சரியாக இருக்கும். அடுத்தவர் இருபது, முப்பது நிமிடம் பொறுக்க வேண்டும். தலைக்கு மேலே அகலமாகக் கொட்டும் மழை ஷவர் வைத்திருந்தால் 25-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

பெரிய கீசர் கரண்டைக் குடிக்கும் என்பது பாதி உண்மை. ஒரு குளியலுக்கான மின்சாரம் எந்த அளவு கீசரிலும் ஒன்றேதான். ஆனால் தனியாக இருப்பவர் ஒரு வாளிக்காக 25 லிட்டரையும் 60 டிகிரிக்கு ஏற்றினால் ஒரு யூனிட் செலவாகும். பயன்படுத்தாத சூடு மாலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிப்போகும். அவருக்கு 10 லிட்டர் போதும். 6 லிட்டர் சமையலறை சிங்குக்குத்தான் ஏற்றது. வாங்கும்போது மின்சிக்கன லேபிளில் உள்ள நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், அதே லேபிளில் 24 மணி நேர வெப்ப இழப்பு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு மாடல்களை ஒப்பிட அதைவிட நேர்மையான எண் கிடையாது.

தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் 3 லிட்டர், 3 கிலோவாட் உடனடி கீசர் விலை குறைவு, இடமும் குறைவு. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால் தண்ணீரின் சூட்டை 14 டிகிரி உயர்த்தும். சென்னையில் இது குளிக்கத் தோதான சூடு. வாளி நிறைய ஆறு நிமிடம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தொட்டித் தண்ணீர் 12 டிகிரியில் இருக்கும் நாளில் அதே கீசர் 26 டிகிரித் தண்ணீரைத்தான் கொடுக்கும். மலையில் இதை வாங்காதீர்கள். அங்கே 15 லிட்டர் கீசரும் காகிதக் கணக்கிலேயே 26 லிட்டர்தான் தரும். ஒவ்வொரு குளியலறைக்கும் 25 லிட்டர் என்பதே குறைந்தபட்சம். மின்னழுத்தம் குறையும் ஊர் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 230 வோல்ட் 190-க்கு இறங்கினால் 2 கிலோவாட் காயில் 1.4 கிலோவாட்கூடத் தராது. அரைமணியில் ஏறும் 25 லிட்டர் முக்கால் மணி எடுக்கும்.

உயரம் இருந்தால் நின்ற வாக்கில் மாட்டும் மாடலையே எடுங்கள். படுத்த வாக்கில் உள்ளவற்றில் சூடும் குளிரும் சீக்கிரம் கலந்துவிடுவதால் அதே 25 லிட்டரில் கைக்கு வரும் வெந்நீர் குறைவு. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளங்களிலும், பிரஷர் பம்ப் உள்ள வீடுகளிலும் 8 பார் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் கீசர்த் தொட்டி அவசியம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்று கணக்கு. மேல்மாடி வீட்டுக்கு இதற்கு நேர் எதிரான சிக்கல்: மொட்டைமாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லையென்றால் எந்த கீசர் போட்டாலும் ஷவர் சொட்டத்தான் செய்யும்.

போர் தண்ணீர் வீடுகளில் கீசரின் ஆயுளை முடிவுசெய்வது தொட்டியின் உள்பூச்சும் மெக்னீசியம் கம்பியும்தான். உப்புத் தண்ணீரில் உள்ள குளோரைடு சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், குறிப்பாக வெல்டிங் ஓரங்களில், ஊசித்துளை போடும். அதனால் கண்ணாடிப் பூச்சுத் தொட்டி நல்லது. மெக்னீசியம் கம்பி தன்னைக் கரைத்துக்கொண்டு தொட்டியைக் காப்பாற்றுகிறது; அது கரைந்து தீர்ந்தபின் அடுத்து அரிபடுவது தொட்டி. வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். சூடு கூடக் கூடச் சுண்ணாம்பு காயிலில் வேகமாகப் படியும் என்பதால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் ஏற்ற வேண்டாம். கீசர் கொதிப்பதுபோல் சத்தம் போட்டால், சூடேற வழக்கத்தைவிட நேரமானால், காயிலில் சுண்ணாம்பு ஏறிவிட்டது.

குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு சூடேறும்போது சொட்டும். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறத்தாழ 350 மில்லி அளவுக்கு விரிகிறது. அது வெளியேறியே ஆக வேண்டும். ஒழுகுகிறது என்று சில பிளம்பர்கள் அதை அடைத்துவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் அந்த ஒரு அடைப்பு போதும், தொட்டி வெடிக்க. சொட்டும் நீரை ஒரு சின்னக் குழாய் வழியாகத் தரைக்கு விடச் சொல்லுங்கள், அடைக்க விடாதீர்கள்.

2 கிலோவாட்டுக்கு 16 ஆம்ப் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். கம்பி 4 சதுர மில்லிமீட்டர் போடுவது நிம்மதி. வெந்நீர் வெளியேறும் பக்கம் சூடு தாங்கும் சிபிவிசி பைப்தான் வேண்டும், வெள்ளை பிவிசி 60 டிகிரியில் இளகிவிடும். தண்ணீர் நிறைந்த 25 லிட்டர் கீசர் 35 கிலோவைத் தாண்டும் என்பதால் நாலரை அங்குலச் சுவரிலோ ஹாலோ பிளாக்கிலோ வெறும் பிளாஸ்டிக் பிளக்கை நம்பாமல், சுவரைத் துளைத்து மறுபக்கம் பிளேட் வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றில்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை விட்ட பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் காயில் சில நிமிடத்திலேயே கருகிவிடும்.