ராம்நாடு கடற்கரையில கேம்பர் வேன்: தண்ணி விஷயத்துல மட்டும் உஷார்

ஊர்ப்பக்கம் கேம்பர் வேன் (படுக்க, சமைக்க, குளிக்க எல்லாம் உள்ளயே வசதி இருக்குற வண்டி) எடுத்து சுத்தலாம்னு யோசிக்கிற நம்மாளுங்களுக்காக இத எழுதுறேன். மதுரையில வாடகைக்கு எடுத்து தேவிபட்டினம், அரியமான், மண்டபம், ராமேஸ்வரம்னு போனோம். பெட், ஏசி எல்லாம் பரவால்ல, டிரைவர் தம்பி தங்கமான புள்ள. மண்ட காஞ்சது தண்ணியில தான்.

கனடாவுல கேம்ப்கிரவுண்டுக்கு, அதாவது இந்த மாதிரி வண்டிய நிறுத்தித் தங்குற எடத்துக்குப் போனா குழாய்ல ஹோஸ மாட்டி ரொப்பிக்கலாம், கழிவுத் தண்ணிய அங்கயே எறக்கிட்டும் கெளம்பலாம். இங்க நாங்க போன வழியில அப்படி ஒரு எடமும் கண்ணுல படல. வேன்ல இருந்தது 100 லிட்டர் டேங்க், ஷவர் நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் சும்மா இழுக்கும், நாலு பேரு ஆசைக்குக் குளிச்சா காலையிலயே காலி. ஒடம்ப நனைச்சுட்டு மூடு, சோப்பு போடு, தொறந்து அலசுன்னு சொன்னதுக்கு பொண்ணு மூஞ்சியத் தூக்கிட்டா, அப்புறம் அவளே பக்கெட்டு மக்குக்கு மாறிட்டா.

அளவு கூட சமாளிச்சுடலாம், ருசி தான் பெரிய தலவலி. இந்தக் கரையில பல எடத்துல போர் போட்டா உப்புத் தண்ணி தான் வரும், குடிக்கிறதுக்கு திருச்சி பக்கத்துலேர்ந்து குழாய்ல வர்ற காவிரித் தண்ணி, அது வராத நாள்ல லாரித் தண்ணி இல்லேன்னா 20 லிட்டர் கேன். வழியில ஒரு லாட்ஜ்ல "நல்ல தண்ணி தான் சார்"னு காச வாங்கிட்டு டேங்க ரொப்பி விட்டாங்க. சாயங்காலம் சோப்பு போட்டா நுரையே இல்ல, திரிஞ்ச பால் மாதிரி வெள்ள வெள்ளயா கையில ஒட்டுது. ஹீட்டர்லயும் உப்பு படியும்.

டீக்கட அக்கா கிட்ட பொலம்புனா சிரிக்கிறாங்க. "உள்ளங்கையில ஊத்தி நாக்குல வச்சுப் பாத்துட்டு காசு குடுங்கண்ணே, விக்கிறவுக உப்புன்னா சொல்லுவாக?" அவங்க கடையில ரெண்டு வாளி, கிளாஸ மொதல்ல உப்புத் தண்ணியில தேச்சு கழுவிட்டு நல்ல தண்ணியில ஒரு முக்கு, அவ்ளோதான். நாங்களும் அதே மாதிரி டேங்க்ல இருந்தத டாய்லெட்டுக்கும் பாத்திரத்தோட மொத கழுவலுக்கும் விட்டுட்டு, சமையலுக்கு குடிக்க எல்லாம் கேன்ல ஓட்டுனோம். ராத்திரி, டேங்க்லேர்ந்து குழாய்க்குத் தண்ணி தள்ளுற பம்ப் சுவிட்ச அணச்சுடுங்க. குழாய் எல்லாம் மூடியிருந்தும் பம்ப் அப்பப்ப டுர்ருனு ஓடி நின்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

தனுஷ்கோடி தான் ஆச்சரியம். 1964 புயல்ல அழிஞ்ச ஊரு, ரெண்டு பக்கமும் கடல், ஆனா மணல்ல கொஞ்சம் தோண்டுனா குடிக்கிற தண்ணி ஊறுது. மழத்தண்ணி எடை கம்மி, அதனால உப்புத் தண்ணி மேல மெதந்து நிக்குதாம், ஆழமா தோண்டுனா கெட்டுச்சு.

கழிவு டேங்க் ரொம்புனதும் டிரைவர் தம்பி "மண்ணுல தொறந்து விட்ரவா சார்?"னு கேட்டான். கடல் உயிரினங்களுக்காகப் பாதுகாக்குற மன்னார் வளைகுடா கரையில அதச் செய்யுறதான்னு நான் ஒத்துக்கல, கடைசியில செப்டிக் டேங்க் லாரியக் கூப்ட்டு உறிஞ்ச வச்சோம். அதனால புக் பண்றப்பவே கழிவ எங்க எறக்குவீங்கன்னு கேட்டு வாங்கிக்கங்க, எங்க கம்பெனி "அதெல்லாம் டிரைவர் பாத்துப்பாரு"ன்னு முடிச்சுட்டாங்க. லாரிக்குக் குடுத்தத வாடகையில கழிக்கச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கேன், ரெண்டு ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில காணோம்.