குரும்பை விழுந்த புல்லட், கிரேட் இடித்த ஸ்பிளெண்டர்: டேங்க் சொட்டைக்கு எது சரிப்படும்?

போன மாம்பழ சீசனில் ஒரே மாதத்துக்குள் எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகளுக்கு டேங்கில் சொட்டை விழுந்தது. என்னுடையது 2017 மாடல் புல்லட் 350. தோட்டத்தில் தென்னை மரத்தடியில் நிறுத்தியிருந்தேன், மேலிருந்து ஒரு குரும்பை நேராக டேங்க் மேல் விழுந்தது. மச்சானுடைய ஸ்பிளெண்டர் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் நின்றிருந்தது. லோடு இறக்கும்போது பிளாஸ்டிக் கிரேட் ஒன்று சரிந்து, அதன் மூலை டேங்கின் பக்கவாட்டில் குத்திவிட்டது.

புல்லட்டில் எலுமிச்சம்பழம் அகலத்துக்கு ஒரு குழி. வழவழப்பாக இறங்கியிருந்தது, பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்பிளெண்டரில் விரல் நீளத்துக்குக் கோடு போட்ட மாதிரி மடிப்பு. மடிப்பின் நடுவில் பெயிண்ட் உதிர்ந்து தகரம் தெரிந்தது. கடைசியில் இரண்டு வண்டிகளும் இரண்டு வேறு வழிகளில் போயின. அந்தச் செலவையும் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டேங்க் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தெருவில் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுக்க வருவார்கள். வளைந்த இரும்புக் கம்பியைக் குடத்துக்குள் விட்டு, வெளியே சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்துவார்கள். குடத்துக்கு வாய் அகலம், அதனால் அது முடிந்தது. பெட்ரோல் டேங்குக்கு அந்த வசதி இல்லை. மேலே ஒரு வளைந்த தகடு, கீழே வண்டியின் பிரேம் குழாய் நுழைவதற்காகக் கூரை மாதிரி மடித்த இன்னொரு தகடு, இரண்டையும் ஓரத்தில் வெல்டு வைத்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே போக வழி என்றால் பெட்ரோல் மூடியின் துவாரம், அப்புறம் அடியில் பெட்ரோல் டேப் மாட்டும் ஓட்டை. என் வண்டி கார்புரேட்டர் காலத்தது, டேப் ஓட்டையில் விரல் நுழைந்தால் பெரிது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிற வண்டிகளில் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் திறப்பு கிடைக்கிறது. சொட்டை எடுப்பவருக்கு அது பெரிய வரம்.

டிங்கரிங் கடையில் நடப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பெயிண்டைச் சுரண்டித் தகடு வரை போவார்கள். குழிக்குள் வாஷரை வெல்டு வைத்து இழுப்பார்கள். இழுத்தது போக மிச்சமுள்ள பள்ளத்தில் பட்டி போடுவார்கள், வாட்டர் பேப்பர் தேய்ப்பார்கள், பிரைமர், கலர், மேலே லேக்கர். தருமபுரியில் மச்சான் வண்டிக்கு ஸ்டிக்கர் செட்டோடு சேர்த்து 2,200 ரூபாய் கேட்டார்கள். மூன்று நாள் வேலை.

இதில் எனக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. பல வருடம் முன்பு வேறொரு வண்டிக்கு ஒரு கடையில் இதே வேலை செய்தேன். ஒரே வெயில் காலம்தான் தாங்கியது. பட்டி போட்ட இடத்தில் எட்டுக்கால் பூச்சி மாதிரி வெடிப்பு, பெட்ரோல் மூடியைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளம். காரணம் பின்னால்தான் புரிந்தது. தகட்டை இழுக்காமலே குழி முழுவதையும் பட்டியால் நிரப்பியிருந்தார்கள். பட்டி மெல்லிசாக, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய பொருள். கெட்டியாக அப்பினால், வெயிலில் தகடும் அதுவும் ஒரே அளவுக்கு விரியாது, பிளந்துகொள்ளும். அடித்ததும் சாதாரண என்.சி. பெயிண்ட். அது பெட்ரோல் பட்டால் கரையும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே பெயிண்ட் பெட்ரோலைத் தாங்கும், கொஞ்சம் விலை கூடும். அதனால் இந்தமுறை மச்சானிடம் சொல்லி இரண்டே கேள்வி கேட்க வைத்தேன்: இழுத்துவிட்டுப் பட்டியா, வெறும் பட்டியா? பெயிண்ட் டூகே தானே?

இப்போது பி.டி.ஆர். என்கிற பெயிண்ட் போகாமல் சொட்டை எடுக்கும் வேலை. வெளிநாடுகளில் ஆலங்கட்டி மழை பெய்து காரெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்போது, அதை நிமிர்த்தியே வளர்ந்த தொழில் இது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நான் கேட்ட இடங்களில் கிடைக்கவில்லை. ஓசூரில் ஒரு கடையில், "காருக்குச் செய்யறோம் சார், பைக் டேங்க் எடுக்கறதில்ல" என்றார்கள். கடைசியில் பெங்களூரில் ஒருவர் ஒத்துக்கொண்டார். போட்டோ அனுப்பியதும் அவர் விலை பேசவில்லை. "பெயிண்ட் கம்பெனி பெயிண்டா? இதுக்கு முன்னாடி டேங்க் அடிச்சிருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. கம்பெனியில் பெயிண்ட் அடித்து அடுப்பில் நூறு டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். அது தகட்டோடு ஒட்டிப்போய், தகடு வளைந்தால் கூடவே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கடையில் அடித்த பெயிண்டுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. பசை வைத்து இழுக்கும்போது சொட்டைக்குப் பதிலாகப் பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி கையோடு வந்துவிடும். அடியில் பட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். அதாவது ஒரு தடவை டிங்கரிங் போன டேங்குக்கு இந்தக் கதவு அநேகமாக மூடிவிட்டது என்று அர்த்தம். முதல் சொட்டையில் யோசிக்காமல் டிங்கரிங்கில் விட்டவருக்கு இரண்டாவது சொட்டைக்கு இந்த வழி இருக்காது.

வேலையை நான் உட்கார்ந்து பார்த்தேன். பெட்ரோலை முழுக்க இறக்கி, டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காய வைத்தார். காலியான டேங்க் தானே என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில்தான் ஆபத்து அதிகம். பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். டிங்கரிங் கடையில் வெல்டு வைப்பதற்கு முன்னால் டேங்கில் தண்ணீர் நிரப்புவதும் இதனால்தான். நிரப்பாமல் வெல்டு வைக்க வருகிறவரைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் கோடு கோடாக வெளிச்சம் விழும் ஒரு விளக்கைப் பக்கத்தில் வைத்தார். நல்ல இடத்தில் கோடுகள் நேராக ஓடின, குழி இருந்த இடத்தில் சுழித்துக்கொண்டன. அவர் பார்த்தது டேங்கை இல்லை, அந்தக் கோடுகளைத்தான். ஆல்கஹால் போட்டுத் துடைத்து, சூடான பசையில் பிளாஸ்டிக் பொத்தானை ஒட்டி, ஒரு சின்ன லீவரால் இழுத்தார். டப்பென்று சத்தத்தோடு வந்தது. கொஞ்சம் அதிகமாகவே இழுத்து மேடாக்கிவிட்டு, பிளாஸ்டிக் முனைக் குச்சியை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினார். மறுபடியும் பசை, மறுபடியும் இழுப்பு. இருபது தடவைக்கு மேல் நடந்திருக்கும், அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. நடுவில் மூடித் துவாரம் வழியாக ஒரு வளைந்த கம்பியையும் விட்டுப் பார்த்தார், அது குழி வரை எட்டவில்லை. இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது.

கூலி 3,500 ரூபாய். கார் கதவில் இதே அளவு சொட்டைக்கு இதைவிடக் குறைவாகத்தான் வாங்குவாராம். கார் கதவுத் தகடு மெல்லிசு, பின்பக்கம் கையே போகும். டேங்க் தகடு அதைவிடக் கெட்டி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளைந்தது. அப்படி வளைந்த தகடு சுலபத்தில் அசையாது. கழற்றி மாட்டும் வேலை வேறு. இதோடு தருமபுரியிலிருந்து போக வர என் பெட்ரோல், ஒரு நாள் லீவு, வழியில் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 4,500-க்குக் குறையாது. டோல்கேட்டில் மட்டும் இரண்டு சக்கரத்துக்குக் காசில்லை.

அப்படியானால் மச்சானின் 2,200-க்கு இரண்டு மடங்கு. லாபமா என்றால், என் வண்டிக்கு லாபம்தான். புல்லட் டேங்கில் ஓடும் அந்தத் தங்கக் கோடு கம்பெனியில் ஆள் கையால் இழுத்தது. டிங்கரிங்கில் அது போனால் அதற்குப் பதில் ஸ்டிக்கர்தான் வரும். பி.டி.ஆருக்குக் கொடுக்கிற காசு சொட்டை எடுப்பதற்கு என்று நினைத்தால் அதிகமாகத் தெரியும். அது பெயிண்டைக் காப்பாற்றக் கொடுக்கிற காசு. பெயிண்ட் ஏற்கெனவே போய்விட்டதென்றால் அதைக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

ஸ்பிளெண்டர் படத்தையும் பெங்களூர்க்காரருக்குக் காட்டினேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். உருண்டையாக அமுங்கிய இடத்தில் தகடு பெரும்பாலும் வளைந்துதான் இருக்கும், பழைய வடிவத்துக்குத் திரும்ப அதற்கே ஒரு ஆசை உண்டு. கூராக மடிந்த இடத்தில் தகடு இழுபட்டு நீண்டுவிடுகிறது. நீண்ட தகட்டை எவ்வளவு நிமிர்த்தினாலும் அலை அலையாகத் தெரியும், சில சமயம் எண்ணெய் டின் அடி மாதிரி அமுக்கினால் டக் டக்கென்று உள்ளே வெளியே போகும். "முக்கால்வாசி வரும், மீதிக்கு நீங்க பெயிண்ட் அடிச்சுத்தான் ஆகணும். ரெண்டு செலவு எதுக்கு?" என்றார். வந்த வேலையை வேண்டாமென்று சொன்ன அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

புது டேங்க் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என் மாடலுக்கு 10,000-ஐத் தாண்டிச் சொன்னார்கள், ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டும். டேங்க் உள்ளே துருப்பிடித்தாலோ, வெல்டு ஓரத்தில் கசிந்தாலோ மாற்றலாம். ஒரு குரும்பைக்காக மாற்றுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

இன்சூரன்ஸில் போடலாமே என்று பலர் சொன்னார்கள். மச்சானிடம் இருந்தது வெறும் தேர்டு பார்ட்டி, அதில் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. என்னிடம் முழு இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் தேய்மானம் இல்லாத பாலிசி இல்லை. 5 வருடம் தாண்டி 10 வருடத்துக்குள் உள்ள வண்டி என்றால் உலோகப் பாகத்தில் 40 சதவீதம் கழித்துக்கொள்வார்கள், பெயிண்ட் பொருளில் பாதி போகும், கட்டாயக் கழிவு 100 ரூபாய் தனி. அதைவிடப் பெரிய இழப்பு நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. 20 சதவீதத்தில் ஆரம்பித்து ஐந்து வருடம் கிளைமே போடாமல் இருந்தால்தான் 50 வரும், ஒரு கிளைமில் அது பூஜ்யம். டேங்கையே மாற்றுவதானால் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடலாம். 3,500 ரூபாய் வேலைக்கு வேண்டாம்.

வீட்டு வைத்தியக்காரர்களும் வந்தார்கள். முடி காய வைக்கும் டிரையரால் சூடேற்றி ஐஸ் கட்டி வைத்தால் டப்பென்று வந்துவிடும் என்று ஒருவர் வீடியோவே காட்டினார். மெல்லிய கார் தகட்டில், அகலமான சொட்டையில் எப்போதாவது நடக்கலாம். டேங்க் தகட்டுக்கு அந்தச் சூடு போதாது. போதுமான அளவு சூடேற்றினால் பெயிண்ட் போகும், உள்ளே ஆவி இருந்தால் ஆளும் போகலாம். இதைவிடப் பயங்கரம் பஞ்சர் கடையில் காற்றடித்துச் சொட்டையை உள்ளிருந்து தள்ளும் யோசனை. காற்று சொட்டையைத் தேடிப் போய்த் தள்ளாது. எந்த இடம் பலவீனமோ அங்கேதான் தள்ளும், பெரும்பாலும் அடித்தகடு உப்பி, டேங்க் பிரேமில் உட்காராமல் போய்விடும். ஆன்லைனில் கிடைக்கும் பசை, பொத்தான் கிட்டை மட்டும் நான் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிகமாக இழுத்து மேடாக்கிவிட்டால் இறக்கத் தெரிய வேண்டும். அது கையில் வர வருடக்கணக்கில் ஆகும்.

முடிவு எப்படி வந்தது என்றால், புல்லட்டில் உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. சாயங்காலச் சாய்ந்த வெயிலில், எங்கே இருந்தது என்று தெரிந்த கண்ணுக்கு மட்டும் லேசாக ஒரு நெளிவு தெரியும். ஸ்பிளெண்டர் புதுசு மாதிரி பளபளக்கிறது, பக்கவாட்டு மூடியின் கறுப்பைவிட டேங்கின் கறுப்பு ஒரு பிடி தூக்கல். பட்டி எப்படித் தாங்குகிறது என்பது அடுத்த சித்திரையில் தெரிந்துவிடும்.

மச்சான் வண்டியை எடுக்கப் போன அன்று புல்லட்டில்தான் போயிருந்தேன். டிங்கர் அண்ணனிடம், சொட்டை எங்கே இருந்தது சொல்லுங்கள் பார்க்கலாம் என்றேன். அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை டேங்க் மேல் ஒருதரம் மெதுவாக ஓட்டினார். சரியான இடத்தில் கை நின்றது. "நல்லா எடுத்திருக்கான். எவ்வளவு ஆச்சு தம்பி?" என்றார். சொன்னேன். "அந்தக் காசுக்கு நான் ரெண்டு டேங்க் அடிச்சிருப்பேனே" என்றவர், கையை எடுக்காமல் இன்னொரு தரம் தடவிப் பார்த்தார்.